உங்கள் களத்தரவு இப்போது எங்கே இருக்கிறது?

சென்ற மாதம் முதல் கள ஆய்வுக்குப் புறப்பட்ட இளைய ஆய்வாளர் ஒருவர், விடுதி வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, வேற என்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டார். ஒலிப்பதிவுக் கருவி, மைக், மாற்று மின்கலங்கள், வினாநிரல், நெறியாளரின் அறிமுகக் கடிதம், கொசுவலை எல்லாம் பையில் இருந்தன. "ரெண்டு பென்டிரைவ்" என்றேன். சிரித்தார். மடிக்கணினி கையில் இருக்கும்போது பென்டிரைவ் எதற்கு என்பது அந்தச் சிரிப்பின் பொருள். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் யாரேனும் என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன். அவருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் முழுக் கதையையும் சொல்ல இயலவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். பதிவு சற்றே நீளம், பொறுத்தருள வேண்டும்.

நான் ஆய்வது கோலாமி மொழியின் எண்ணுப்பெயர்களை. கோலாமி நடுத்திராவிட மொழிகளுள் ஒன்று. தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் அதையொட்டிய மகாராட்டிர மாவட்டங்களிலும் பேசப்படுகிறது. எம். பி. எமனோ 1955இல் வெளியிட்ட இலக்கண நூலே இன்றும் எங்களுக்கு அடிப்படை. தமிழில் 'இருவர்' என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது; 'இரண்டு' அஃறிணைக்கு உரியது. கோலாமியிலோ இரண்டு ஆண்களைச் சுட்ட ஒரு சொல், இரண்டு பெண்களைச் சுட்ட வேறொரு சொல், இரண்டு பொருள்களைச் சுட்ட மூன்றாவதாக ஒரு சொல் என முப்பகுப்பு உண்டு. தெலுங்கில் 'இத்தரு' என்பது இருபாலுக்கும் பொது. ஆகவே தெலுங்குவழிப் பள்ளிக்குப் போய்வரும் பேரப்பிள்ளைகளின் பேச்சில், பெண்பால் எண்ணுப்பெயர் நிலைக்கிறதா மங்குகிறதா என்பது என் ஆய்வின் மையக் கேள்வி.

இதைச் சொற்பட்டியலை வைத்துக்கொண்டு கேட்டு அறிய முடியாது. "இரண்டு பெண்கள் என்பதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால், கேட்கும் முறையே விடையைத் திருத்திவிடும். பேசுவோர் தம்மை மறந்து பேசும் கதையில்தான் வழக்கு வெளிப்படும். முதல் பயணத்தில் எனக்கு அத்தகைய கதை ஒன்று வாய்த்தது. எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி, மூன்று சகோதரிகளைப் பற்றிய கதையை நாற்பத்தேழு நிமிடம் சொன்னார். சகோதரிகள் கதை என்பதால் பெண்பால் எண்ணுப்பெயர் வரிக்கு வரி வந்தது. நடுவே மகனைக் கூப்பிட்டுப் பேசினார், கோழியை விரட்டினார், என்னைக் கேலி செய்தார். மொழியியல் மாணவர்க்கு இதைவிடப் பெரிய கொடை இல்லை.

பதிவைத் தொடங்குமுன் அவர் ஒரு கேள்வி கேட்டார். "இதைக் கொண்டுபோய் எங்கே வைப்பாய்?" என்று அவர் கோலாமியில் கேட்டதை மகன் தெலுங்கில் பெயர்த்தார். பத்திரமாக வைப்பேன் என்றேன். 'எங்கே' என்று கேட்டவர்க்கு 'எப்படி' என்று விடை சொன்னோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் கருவியில் இருந்த அட்டை 16 ஜிபி. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இருதட ஒலியாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். பதினைந்து மணி நேரத்தில் அட்டை நிறைந்தது. அன்றிரவு அனைத்தையும் மடிக்கணினிக்கு ஏற்றினேன். ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தேன், அட்டையை வெறுமையாக்கினேன். மறுநாள் முதல் மீண்டும் பதிவு. படி எடுத்துவிட்டேன் என்ற நிறைவோடு உறங்கினேன். உண்மையில் நான் படி எடுக்கவில்லை, இடம் மாற்றினேன். முன்பு அட்டையில் ஒரே ஒரு பிரதி இருந்தது, பின்பு மடிக்கணினியில் ஒரே ஒரு பிரதி இருந்தது. எண்ணுப்பெயரை ஆராய்கிறவளுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் மடிக்கணினி உயிர்விட்டது. விழவில்லை, நனையவில்லை, ஒரு காலையில் பொத்தானை அழுத்தினேன், எதுவும் நிகழவில்லை. சேமிப்புச் சில்லு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்ட வகை அது. தனியே கழற்றி வேறு கணினியில் பொருத்தவும் வழியில்லை. தரவு மீட்கும் கடை ஒன்றில் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டுக் கைவிரித்தார்கள். நின்றுபோயிருந்த உதவித்தொகை அப்போது நான்கு மாத நிலுவையாக இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்க.

பயணத்தின் கடைசி நான்கு மணி நேரப் பதிவு பிழைத்தது. அந்த அட்டையை அழிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தேன். அதில் இருந்தவை ஒரு பள்ளிச் சிறுவன் சொன்ன உடலுறுப்புப் பெயர்களும் மரப்பெயர்களும். பாட்டியின் குரலில் மிஞ்சியது நான்கு நிமிடச் சொச்சம் மட்டுமே. துறைக் கருத்தரங்குக்காக வெட்டியெடுத்து நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த துண்டு அது.

அடுத்த ஆண்டு மீண்டும் பதிவு செய்துகொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டேன். அடுத்த ஆண்டு நான் போனபோது பாட்டி இல்லை. மகன் கேட்டது ஒன்றே: "அம்மா பேசினது உங்ககிட்ட இருக்குல்ல மேடம், அதைப் போட்டுக் காட்டுங்க. பிள்ளைங்க கேட்கட்டும்." நான்கு நிமிடத்தை ஒலிக்கவிட்டேன். முடிந்ததும், மீதியைப் போடுவேன் என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

இதை என் கவனக்குறைவு என்று முடித்துவிடலாம். முடித்திருக்கிறார்கள், நானும் ஓராண்டு காலம் அவ்வாறே எண்ணி மருகினேன். பழியை இறக்கிவைப்பதற்காக இதை எழுதவில்லை, குற்றம் என்னுடையதே. ஆயினும் பின்னர் விசாரிக்கத் தொடங்கியபோது, நான் அறிந்த வட்டத்திலேயே ஆறு ஆய்வாளர்கள் ஏதோ ஒரு வடிவில் தரவை இழந்தவர்கள் என்று தெரிந்தது. ஒருவர்க்கு மடிக்கணினி இரயிலில் திருடுபோனது. ஒருவர் ஜெல் பேனாவால் எழுதிய களக்குறிப்பேடு மழையில் நனைந்து நீலக் கறையாயிற்று. (பென்சில் மழைக்கு அஞ்சாது. இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் கொண்டு மற்றதை மறந்தாலும் நன்றே.) அவர்களில் எவரும் இதை வெளியே சொன்னதில்லை. இழப்பைச் சொல்வது தகுதிக்குறைவு என்ற அச்சம் நம்மிடையே இருக்கிறது. ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியே இழந்து, தனித்தனியே கற்றுக்கொள்கிறோம். அறிவைப் பொதுவில் சேர்த்துவைப்பதற்காக அமைந்த பல்கலைக்கழகத்தில் இந்த ஓர் அறிவு மட்டும் வாரிசு இன்றிப் போகிறது.

முனைவர் பட்டத்துக்கு முந்தைய பாடப்பணியில் ஆய்வு நெறிமுறை படித்தோம். பல்கலைக்கழக மானியக் குழு கட்டாயமாக்கிய ஆய்வு, வெளியீட்டு அறவியல் தாளும் படித்தோம். கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள், போலி ஆய்விதழ்கள், மேற்கோள் எண்ணிக்கை என எல்லாம் சொல்லித் தந்தார்கள். தேவையானவையே. பதிவு செய்த குரலை எத்தனை இடத்தில் வைப்பது என்பதற்கு என் வகுப்பில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் நிரப்பும் முன்னேற்ற அறிக்கையில் கட்டுரைகள், கருத்தரங்குகள், வருகைப்பதிவு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. தரவு எங்கே இருக்கிறது என்று கேட்கும் கட்டம் இல்லை. பாட்டி கேட்ட கேள்வியை என் துறை என்னிடம் ஒருமுறையும் கேட்டதில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் வழுக்கியிருக்கின்றன. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில் ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத்தரவு அழிந்தது. அழித்தது எதிரியோ தீயோ அன்று. காப்புப் படி எடுக்கும் நிரலே. பழைய பதிவேட்டுக் கோப்புகளை நீக்குவதற்காகத் திருத்திய கட்டளை, ஆய்வாளர்களின் கோப்புகளை நீக்கிவிட்டது. பதினான்கு ஆய்வுக்குழுக்கள் பாதிக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலத் தீ பற்றியது. அரசு அலுவலர்கள் பயன்படுத்திவந்த 'ஜி-டிரைவ்' சேமிப்பில் இருந்த 858 டெராபைட் போயிற்று. அதற்கு வெளியே காப்புப் படி இல்லை. அளவு மிகப் பெரிது, ஆகவே எடுக்கவில்லை என்பது காரணம். நாம் சொல்வதும் அதேதான், அளவு மட்டுமே வேறு: "இருபது ஜிபி இருக்கே, எங்கே ஏத்துறது?"

எங்கள் துறையினர் மறக்கக் கூடாதது 2018 செப்டம்பர் 2. அன்றிரவு ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. தானாக நீர் தெளிக்கும் அமைப்பு அந்தக் கட்டடத்தில் இல்லை. அருகிலிருந்த தீயணைப்பு நீர்க்குழாய்களில் தண்ணீர் இல்லை. அங்கிருந்த மொழியியல் சேகரத்தில் பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் களக்குறிப்புகளும் இருந்தன. அவற்றுள் சில, இன்று பேசுவோர் எவருமே இல்லாத மொழிகள். அந்த மொழிகளைப் பொறுத்தவரை மறுபதிவு என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை.

எதிர்ப்புறத்தையும் பார்க்க வேண்டும். அந்தமானின் போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார். அந்த மொழியின் ஒலி இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அன்விதா அப்பி அவரோடு அமர்ந்து பதிவு செய்தார் என்பது ஒரு பாதி. பதிந்ததை ஆவணக்காப்பகத்தில் சேர்த்தார் என்பது மறுபாதி. முதல் பாதியைத்தான் நாம் எப்போதும் வியக்கிறோம்.

இது கணினிக் காலத்தில் முளைத்த சிக்கலும் அன்று. தமிழ் படித்தோர்க்கு ஏட்டுச் சுவடியின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகள். நம் ஈரத்திலும் கரையானிடத்திலும் அதற்கும் குறைவு. ஆயிரம் ஆண்டு, ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைய நூல் நமக்குக் கிடைக்கிறது என்றால், ஓலை நைந்துபோகுமுன் யாரோ ஒருவர் அமர்ந்து வேறோர் ஓலையில் பெயர்த்தெழுதினார் என்பதே காரணம். அதுவும் ஒருமுறை அன்று, தலைமுறைதோறும். எங்கே அந்தச் சங்கிலி ஒருமுறை அறுந்ததோ அங்கே நூல் பெயரளவில் நின்றுவிட்டது. உரையாசிரியர்கள் பெயர் மட்டும் சொல்லிப்போன நூல்கள் எத்தனை! சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்குமுன் உ.வே.சா. பல ஊர் ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஓர் ஏட்டில் சிதைந்த இடம் இன்னோர் ஏட்டில் முழுதாக இருந்தது. ஒன்றிலிருந்து ஒன்றாக எடுத்த படிகள் ஒரே வீட்டில் இருந்திருந்தால் இது கூடியிருக்காது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கைகளில், ஒன்றையொன்று அறியாமல் இருந்த படிகள் என்பதால்தான் ஒன்றின் பிழையை மற்றொன்று திருத்திற்று.

இன்று தரவுக் காப்பில் பரவலாகச் சொல்லப்படும் மூன்று-இரண்டு-ஒன்று விதியும் இதையே சொல்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வேறுவகைச் சேமிப்பில், அவற்றுள் ஒன்றாவது வேறு ஊரில். களத்தில் இதைப் பெரிய ஏற்பாடின்றிச் செய்யலாம். அட்டையை அழிக்காதீர்கள், நிறைந்தால் புதியதைப் போடுங்கள், பழையதைப் படச்சுருளைப் போல எண்ணிட்டு உறையில் வையுங்கள். அன்றன்று இரவு மடிக்கணினிக்கு ஒரு படி, பென்டிரைவுக்கு ஒரு படி. பென்டிரைவ் மடிக்கணினிப் பையில் இருக்கக் கூடாது. பை திருடுபோனால் இரண்டும் சேர்ந்துபோகும். உடுப்புப் பையிலோ தங்கும் வீட்டிலோ வையுங்கள். குறிப்பேட்டின் அன்றைய பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுங்கள். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம். செலவு, என் கணக்கில், ஒருமுறை ஆதிலாபாத் போய்வரும் பேருந்துக் கட்டணத்தை ஒட்டியது. நான் இழந்த பதினைந்து மணி நேரத்தை ஈடுசெய்ய இரண்டு கூடுதல் பயணங்களும் ஓராண்டும் ஆயின, அப்போதும் ஈடாகவில்லை. அந்த ஓர் ஆண்டு காற்றில் வருவதன்று. முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டு வரம்பு, உதவித்தொகைக்கு அதிலும் குறைந்த வரம்பு.

"எல்லாம் மேகத்தில் ஏற்றிவிடலாமே" என்பார் உண்டு. ஏற்றுங்கள், ஆயின் இரண்டு செய்திகளை அறிந்து ஏற்றுங்கள். முதலாவது, ஒத்திசைவு என்பது காப்புப் படி அன்று. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். நீக்கிய கோப்பு சில வாரமே குப்பைத்தொட்டியில் காத்திருக்கும். இரண்டாவது, அந்த இடம் உங்களுடையது அன்று. கல்வி நிறுவனங்களுக்கு அளவின்றி அளித்துவந்த இலவசச் சேமிப்பை நிறுத்துவதாக கூகுள் 2021இல் அறிவித்தது. மறு ஆண்டு ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என்று வரம்பு வந்தது. பல்கலைக்கழக மின்னஞ்சலில் சேமித்தவர்கள் பலர் அப்போது அலைந்ததை அருகிருந்து கண்டேன். பட்டம் பெற்று வெளியேறியபின் அந்தக் கணக்கு எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்று உங்கள் கணினி மையத்தில் கேட்டுப்பாருங்கள். தவிர, பழங்குடி மக்களின் வழிபாட்டுப் பாடல்களையும் குடும்பச் செய்திகளையும் ஒரு தனியார் நிறுவனத்தின் சேவையகத்தில் அவர்களிடம் கேளாமல் ஏற்றலாமா என்ற வினா வேறு இருக்கிறது. பேசியவர் 'வேண்டாம்' என்று சொன்னால் வெளித்தட்டுகளோடு நின்றுகொள்ள வேண்டியதுதான்.

இந்த இசைவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கோப்பு பிழைத்திருந்தும் தரவு இறந்துபோவது இங்கேதான். முதுகலைக் காலத்துப் பயிற்சிக் களப்பணியில் நான் பதிந்தவை எல்லாம் இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கோப்புறையின் பெயர் 'புதிய கோப்புறை (3)'. உள்ளே 001 முதல் 038 வரை. யார் பேசியது, எந்த ஊர், என்ன வயது, எந்த நாள் என ஒன்றும் இல்லை. குரலைக் கேட்டு, பின்னணியில் இரயில் ஓசை வருவதால் இது இன்ன ஊராக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். பேசியவரின் இசைவு பதிவில் இல்லை என்பதால் முறையான காப்பகம் எதுவும் அதை ஏற்காது, நானும் மேற்கோளாக ஆளக் கூசுகிறேன். இதற்கு வேண்டியிருந்தது ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அரை நிமிடம். நாள், ஊர், பேசுவோர் பெயர், அவர் மொழியிலேயே "இதைப் பதிவு செய்யலாமா? யார் யார் கேட்கலாம்? உங்கள் பெயரைச் சொல்லலாமா?" என்ற கேள்வி, அவர் குரலிலேயே விடை. தாளில் கைநாட்டு வாங்குவதைவிட இதுவே நேர்மையானது என்றும் எண்ணுகிறேன். படிக்கத் தெரியாத ஆங்கிலப் படிவத்தில் வைத்த நாட்டுக்கு என்ன பொருள்?

நூலகத்தில் மூத்தோர் ஆய்வேடுகளைத் தேடும்போது இன்னொரு வகை இறப்பைக் கண்டேன். 2000களின் தொடக்கத்து ஆய்வேடுகள் சில, பின்னட்டை உறையில் குறுந்தட்டோடு இருக்கும். முதல் தடை, குறுந்தட்டை ஓட்டும் கருவி இன்றைய மடிக்கணினிகளில் இல்லை. தேடிப் பிடித்து ஓட்டினால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் குவிந்து கிடக்கும். யுனிகோட் பரவுமுன் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம்: பாமினி ஒருவகை, திஸ்கி ஒருவகை, தமிழக அரசு 1999இல் ஏற்ற டேம், டேப் வேறுவகை. அனைத்துலக ஒலியெழுத்துக்கும் அப்படித்தான் தனி எழுத்துருக்கள் இருந்தன. தமிழ்ப்பகுதியை மாற்றிகளால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், எந்தக் குறியேற்றம் என்று தெரிந்தால். ஒலியெழுத்துப் பகுதி கடினம். நெடிலா குறிலா, நுனிநா ஒலியா நாமடி ஒலியா என்பதெல்லாம் அந்தக் குறிகளில்தான் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று ஒரு வரி எழுதி அந்தக் கோப்புறையில் போட்டிருந்தால் போதும். அன்றைக்கு அது சொல்லத் தேவையில்லாத அளவு வெளிப்படையாக இருந்திருக்கும். அதனாலேயே எவரும் எழுதவில்லை. நாம் இன்று வெளிப்படையென்று எண்ணி எழுதாமல் விடுபவை எவை என்று யோசிக்கிறேன். எலானில் நாம் அமைத்த அடுக்குகளின் சுருக்கப்பெயர்கள், நாமே வகுத்த இலக்கணக் குறியீடுகள், கோப்புப் பெயரில் உள்ள மூன்றெழுத்து எதைக் குறிக்கிறது என்பவை எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஒவ்வொரு தரவுக் கோப்புறையிலும் எளிய உரைக்கோப்பாக ஒரு பக்கக் குறிப்பு இருந்தால் நமக்குப் பின் வருபவர் ஊகித்துத் திணற வேண்டியதில்லை. பின் வருபவர் பெரும்பாலும் ஐந்தாண்டு கழிந்த நாமேதான்.

துறைகளிடம் நான் கேட்பது மிகச் சிறிது. அரசுத் திட்டம் வரும் என்று காத்திருப்பது கோலாமி போன்ற மொழிகளுக்கு உதவாது. மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் வழியே 2013இல் தொடங்கிய அருகிவரும் மொழிகள் காப்புத் திட்டம், பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை மனத்தில் கொண்டது. கோலாமியைப் பேசுவோர் ஒரு இலட்சத்துக்கும் மேல். ஆகவே அது அந்த வரையறைக்குள் வராது. இத்தகைய இடைநிலை மொழிகளின் பதிவுகள் ஆய்வு மாணவர்களின் அலமாரிகளில்தான் இருக்கின்றன. அரையாண்டு முன்னேற்ற அறிக்கையில் இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும். "உம் தரவு எந்தெந்த இடங்களில் உள்ளது?" "ஒவ்வொரு படியையும் கடைசியாகத் திறந்து பார்த்த நாள் எது?" இரண்டாவது கேள்வி முதலாவதைவிட முக்கியம், திறந்து பார்க்காத படி இருக்கிறது என்பது நம்பிக்கை மட்டுமே. நெறியாளர் அதில் கையொப்பமிட வேண்டும் என்றால், அவரும் ஒருமுறை கேட்டாக வேண்டும். ஆய்வேட்டை சோத்கங்காவில் ஏற்றாமல் பட்டம் இல்லை என்ற விதியை நாம் ஏற்றுப் பழகிவிட்டோம். ஆய்வேட்டுக்கு ஆதாரமான குரல்களைப் பல்கலைக்கழகத்தின் சேமிப்பில் ஒரு படியாக ஒப்படைத்தபின் பட்டம் என்பதும் அதுபோல ஒரு விதிதான், ஓரிரு ஆண்டில் பழகிவிடும்.

இதற்கு வரும் மறுப்பு ஒன்றை நான் மதிக்கிறேன். ஏற்கெனவே படிவங்களின் சுமையில் அமிழ்ந்திருக்கும் ஆய்வாளர் தலையில் மேலும் ஒரு கட்டமா? பொய்யாக நிரப்பிக் கடந்துபோவார்களே? சிலர் அப்படிச் செய்வார்கள். ஆனால் பொய்யாக நிரப்புகிறவரும் அந்தக் கேள்வியை ஒருமுறை படித்தாக வேண்டும். என் முதல் பயணத்துக்கு முன் அந்த வரியை நான் படித்திருந்தால் நாற்பத்தேழு நிமிடத்தில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று என்னால் திட்டமாகச் சொல்ல முடியாது. கேட்டிருந்தால் விடை எழுத வெட்கப்பட்டிருப்பேன், அவ்வளவு தெரியும்.

பாட்டியின் நான்கு நிமிடம் இப்போது ஐந்து இடங்களில் இருக்கிறது. அவர் மகனின் கைப்பேசி அவற்றுள் ஒன்று. ஆய்வேட்டில் அதிலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகளை ஆள்கிறேன். எஞ்சியவற்றை வேறு இரண்டு ஊர்களில் வேறு மூத்தோரிடம் திரட்டினேன். சகோதரிகள் கதை அவர்களுக்கும் தெரிந்திருந்தது, ஆனால் வேறு முடிவோடு. பாட்டி சொன்ன முடிவு என் குறிப்பேட்டில் ஒன்றரை வரியில் இருக்கிறது.

அந்தக் காலக் குறுந்தட்டுகளோ பழைய எழுத்துருவில் தட்டெழுதிய ஆய்வேட்டுக் கோப்புகளோ யாரிடமேனும் இருந்தால் எழுதுங்கள். குறுந்தட்டை ஓட்டும் வெளிக்கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது, சனிக்கிழமை மாலைகள் பெரும்பாலும் ஓய்வு. பாமினி, டேப் இரண்டையும் மாற்றித் தர இயலும். ஒலியெழுத்துக்கு உறுதி சொல்ல மாட்டேன்.

களத்துக்குப் போன இளையவர் நேற்றிரவு அழைத்தார். அலைத்தொடர்பு விட்டுவிட்டு வந்தது. ஒரு பென்டிரைவை அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்து வைக்கலாமா என்று கேட்டார். பேசினவர்களிடம் முதலில் கேளுங்கள் என்றேன்.